சத்தத்துக்குப் பேர் வைக்க அவசரப்படாதே

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் பட்டறை வாசலில் ஒரு டர்ட் பைக்காவது நிற்கும். டயரில் காய்ந்த செம்மண், ஒரு பக்கம் வளைந்த கியர் லீவர், பக்கத்தில் ராத்திரி தூங்காத முகத்தோடு ஒரு பையன். "அண்ணா, போன வாரம்தான் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். இன்ஜினில் என்னமோ சத்தம் வருது. பாட்டம் போயிடுச்சுன்னு ஃபிரண்டு சொல்றான். நிஜமா?"

நான் பதில் சொல்வதில்லை. "அந்தச் சத்தத்தை வாயால போட்டுக் காட்டு கண்ணு" என்பேன். வெட்கப்பட்டுச் சிரிப்பான். பிறகு "டிக் டிக்" என்பான், இல்லை "டொக் டொக்" என்பான். அந்த இரண்டுக்கும் நடுவில் பல ஆயிரம் ரூபாய் கிடக்கிறது.

கோயம்புத்தூரில் நாற்பது வருஷமாக இதே வேலை. 1985இல் ஆர்எக்ஸ் 100 வந்தபோது நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன். 2011இல் இம்பல்ஸ் வந்தது, 2019இல் எக்ஸ்பல்ஸ் வந்தது. காடு மேடு ஏறுகிற வண்டி நம் பையன்கள் கைக்கு எட்டியது அதற்கப்புறம்தான். இன்று அவை இரண்டாம் கை, மூன்றாம் கை என்று மாறிக்கொண்டிருக்கின்றன. கைமாறும்போது வண்டியோடு ஆர்.சி. புத்தகம் வரும், சாவி வரும். முன்னால் ஓட்டியவன் செய்த பாவம் மட்டும் சத்தமாக வரும். அதைக் கேட்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆறிய இன்ஜினைத்தான் கேட்க வேண்டும்

வண்டி பார்க்கப் போகும் முன்பே, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்பவரிடம் சொல்லிவிடு. போனதும் முதல் வேலை, புறங்கையை இன்ஜின் பக்கம் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பது. சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீ கேட்க வேண்டிய முதல் நிமிஷம் போய்விட்டது. ஆறவிட்டு வா. தேய்ந்த பிஸ்டன், தளர்ந்த டைமிங் செயின், ஹெட்டிலிருந்து புகை போகும் பெண்ட் பைப்பின் கசிவு மூன்றும் தங்களைக் காட்டிக்கொடுப்பது அந்த முதல் நிமிஷத்தில்தான். சூடேறியதும் நல்ல பிள்ளைபோல் அடங்கிவிடும்.

2. காதை வைக்கும் முன் ஆயிலைப் பார்

வண்டியை நேராக நிறுத்தி அளவு பார். ஆயில் குறைந்தால் எல்லா உறுப்பும் கத்தும். அப்போது எது நோய், எது பசி என்று பிரிக்க முடியாது. ஸ்டிக்கைத் துடைக்கும் முன் மோந்து பார். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயில் நீர்த்திருக்கிறது. மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வண்டி ஆற்றில் இறங்கியிருக்கலாம். தண்ணீர் ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கான்ராடே வளைந்திருக்கக்கூடும். அளவுக்கு மீறிக் கெட்டியாக, தேன்போல் இழுத்தால் அதுவும் சந்தேகம்தான். கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது பழைய வித்தை.

3. இன்ஜின் அல்லாததை முதலில் கழி

டர்ட் பைக்கில் இன்ஜினுக்கு அடியில் ஒரு தகடு இருக்கும், கல் அடிக்காமல் காக்க. அதன் ஒரு போல்ட் தளர்ந்தால் போதும், தகடு முழுக்க மத்தளமாகிவிடும். மேலே வரும் சின்ன டிக் டிக்கைக்கூட அது கடகடவென்று பெரிதாக்கிக் கொடுக்கும். முதலில் அதைக் கழற்று. சைலன்சர் மூடி, செயின் கவர், செயின், இன்ஜின் மவுண்ட் போல்ட் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பார்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வண்டி டொக் டொக் என்று வந்தது. பாட்டம், அதாவது கீழே கிராங்க் பக்கம்தான் என்று அடித்துச் சொல்லி, இன்ஜினை இறக்கி, கேஸைப் பிளந்து, புது கான்ராட் போட்டுப் பூட்டினேன். ஸ்டார்ட் செய்தால் அதே டொக் டொக். ஃபிரேமில் கீழ் மவுண்ட் துளை தேய்ந்து நீளமாகியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் இன்ஜினே ஃபிரேமில் மோதிக்கொண்டிருந்தது. கூலியை நான் வாங்கவில்லை. கழற்றிய பழைய கான்ராட் இன்னும் என் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. அதில் எந்தக் குறையும் இல்லை.

4. "என்ன சத்தம்" என்று கேட்காதே, "எப்போது" என்று கேள்

எல்லா அறிவுரையிலும் இது ஒன்றை மறக்காமல் வைத்துக்கொள். சத்தத்துக்குப் பேர் வைக்கக் கடைசியில் நேரம் இருக்கிறது. முதலில் ஒரு தாளில் எழுது: ஆறியபோது அதிகமா, சூடானபோது அதிகமா? ஐட்லிங்கிலா, முறுக்கும்போதா, விடும்போதா? மேட்டில் இழுக்கும்போதா, சரிவில் இறங்கும்போதா? கிளட்ச் பிடித்தால் மாறுகிறதா?

சூடானதும் குறைகிற சத்தம், உலோகம் விரிந்து இடைவெளி அடைபடுவதால் குறைகிறது. சூடானதும் கூடுகிற சத்தம், ஆயில் இளகி மெல்லிசானதால் கூடுகிறது. முதல் வகை உனக்குத் தவணை கொடுக்கும். இரண்டாம் வகை கொடுக்காது.

5. வேகத்தை எண்ணு

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐட்லிங் 1400 என்று வைத்துக்கொள். கிராங்க் ஒரு விநாடிக்கு 23 தடவை சுற்றும், கேம் 12 தடவைக்குக் கொஞ்சம் குறைவாக. டேப்பட், ராக்கர் எல்லாம் கேமோடு போகிற கூட்டம். அதனால்தான் அந்தச் சத்தம் கொஞ்சம் சோம்பலாக, தனித்தனியாகக் கேட்கும். கிராங்க் பக்கத்துச் சத்தம் நெருக்கமாக வரும்.

காதால் எண்ண முடியாது என்றால் சைலன்சர் வாய்க்கு எட்ட உள்ளங்கையை நீட்டு. புகை அடிக்கும் ஒவ்வொரு அடியும் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒன்று. சத்தம் அதோடு ஒன்றுக்கு ஒன்றாக ஒத்துப் போனால் மேலே தேடு, இரட்டையாக வந்தால் கீழே தேடு. செல்போனில் பதிந்து வேகத்தைக் குறைத்துப் போட்டாலும் தெரியும். எங்கள் காலத்தில் அந்த வசதி இல்லை, உனக்கு இருக்கிறது. ஆனால் இது திசைகாட்டிதான், தீர்ப்பு அல்ல. பெண்ட் பைப் கசிவும் புகை அடிக்கு ஒன்றாகத்தான் வரும். பிஸ்டன் சத்தமும் வெடிக்கும் அடியில்தான் ஓங்கிக் கேட்கும்.

6. நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்துக்கொள்

டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப், நமக்கு ஓர் அடி நீள ஸ்க்ரூடிரைவர். முனையை இன்ஜின்மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் வை. ஹெட் கவர், சிலிண்டரின் முன்பக்கம், பின்பக்கம், மேக்னெட் கவர், கிளட்ச் கவர், அடியில் கிராங்க் கேஸ் என்று வரிசையாகத் தொடு. எங்கே ஓங்குகிறதோ அங்கே ஒரு சாக்பீஸ் கோடு போடு. காற்றுக் கசிவுக்கு இரும்பு உதவாது. ஒரு முழம் ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கசிவு தேடி நகர்த்து.

செயின், ஸ்ப்ராக்கெட் பக்கம் சட்டைக் கை தொங்கக் கூடாது. மூடிய அறைக்குள் வண்டியை ஓடவிட்டுக் கேட்காதே. அந்தப் புகையில் வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும் விஷம் உண்டு.

7. கிளட்சைப் பிடி, விடு, பிடி

காசில்லாத பரிசோதனை இது. நியூட்ரலில் கரகரவென்று வருகிற சத்தம் கிளட்ச் லீவரைப் பிடித்ததும் நின்றால், கிளட்ச் கூடையோ கியர்பாக்ஸ் பேரிங்கோ காரணம். கான்ராட் பயம் வேண்டாம். பிடித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் கிளட்சைத் தள்ளும் பேரிங்கைப் பார். பிடித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி என்றால் கிளட்சை விட்டு அடுத்ததற்குப் போ.

8. கத்துகிற டேப்பட்டைவிட ஊமை டேப்பட்டுக்குப் பயப்படு

ஹெட்டில் வரும் டிக் டிக்கைக் கேட்டதும் பையன்கள் டேப்பட்டை இறுக்கிவிடுவார்கள். சத்தம் அடங்கும், நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். இடைவெளி அதிகமானால் சத்தம் வரும், தேய்மானம் மெதுவாகக் கூடும், அவ்வளவுதான். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக உட்காராது. உட்கார்ந்தால்தான் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்கும். உட்காராத வால்வு எரியும். அது எரியும்போது சத்தமே வராது.

இன்ஜின் ஆறியிருக்கும்போது மேக்னெட்டை 'டி' குறிக்குக் கொண்டுவா. அது கம்ப்ரஷன் அடிதானா என்று பார். இரண்டு ராக்கரும் கையில் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்று. பிறகு ஃபீலர் கேஜ். அளவு உன் வண்டிப் புத்தகத்தில் இருக்கும், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. பக்கத்து வண்டிக்காரன் சொன்ன அளவு உன் வண்டிக்கு ஆகாது. தகடு லேசான பிடிப்போடு நழுவினால் சரி.

பந்தயத்துக்கென்றே வருகிற வண்டிகள் பலவற்றில் திருகாணி இருக்காது, ஷிம் வைத்துத்தான் அளவு சரிசெய்ய வேண்டும். அவற்றில் நாளாக ஆக இடைவெளி பெரும்பாலும் குறையும். அமைதியாக ஓடுகிறது, ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது என்றால் அந்த அமைதியைச் சந்தேகப்படு.

9. டிக் டிக் எல்லாம் டேப்பட் அல்ல

பெண்ட் பைப் ஹெட்டோடு சேருமிடத்தில் பேக்கிங் போயிருந்தால் அச்சு அசலாக டேப்பட் மாதிரியே டிக் டிக் என்று வரும். ஆறிய இன்ஜினில் அதிகம், பைப் சூடாகி விரிந்ததும் குறைவு. இணைப்பில் கரி படிந்திருக்கிறதா பார். ஆறிய வண்டியில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்தால் குமிழி விடும். கந்தல் துணியால் சைலன்சர் வாயை ஒரு கணம் அடைத்தால் கசிவுச் சத்தம் ஓங்கும். இவ்வளவும் பார்த்த பிறகு ஹெட் கவரைத் திற.

10. விடும்போது சலசலத்தால் டைமிங் செயின்

ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடிகளிலும், முறுக்கிவிட்டு ஆக்சிலேட்டரை விடும்போதும் சிலிண்டரின் ஓரத்தில், பெரும்பாலும் மேக்னெட் பக்கம், சலங்கை குலுங்குவதுபோல் வந்தால் டைமிங் செயினைப் பார். டென்ஷனரைக் கழற்றி அதன் கம்பி எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்த்தால் செயினின் வயசு தெரிந்துவிடும். கடைசிவரை நீண்டிருந்தால் இனி இறுக்க இடமில்லை. தள்ளிப்போடாதே. செயின் ஒரு பல் தாவினால் டைமிங் தப்பும். அதிகம் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் அந்தச் செலவைப் பார்த்து நீ சலசலப்பாய்.

11. பிஸ்டன் சத்தம் கேட்டால் ஏர் ஃபில்டரைத் திற

ஆறிய இன்ஜினில் லொட லொட என்று வந்து, இரண்டு மூன்று நிமிஷத்தில் தேய்ந்து மறைவது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் ஆடுகிற சத்தம். பந்தய இன்ஜின்களின் பிஸ்டன் குட்டையானது, இடைவெளியும் கொஞ்சம் தாராளம். அவற்றில் ஆறியபோது கொஞ்சம் லொடலொடப்பு பிறவிக்குணம். சாதாரண வண்டியில் அது தேய்மானம்.

டர்ட் பைக்கைத் தேய்ப்பது கிலோமீட்டர் அல்ல, புழுதி. ஃபில்டரை எடுத்துவிட்டு, அதற்கு உள்ளே கார்புரேட்டருக்கோ திராட்டிலுக்கோ போகிற ரப்பர் குழாயின் உட்சுவரில் சுண்டுவிரலை விட்டுத் துடை. விரலில் மண் ஒட்டினால், அந்த மண் எத்தனை நாளாகப் பிஸ்டனுக்குப் போயிருக்கிறது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். ஆடோமீட்டரைத் திருத்துகிறவன்கூட அந்தக் குழாயைத் துடைக்க மறந்துவிடுவான். கூடவே நீல நிறப் புகையும், கையால் அழுத்தினாலே வழுக்கி இறங்கும் கிக்கரும் இருந்தால் சிலிண்டர் போர் வேலை காத்திருக்கிறது.

12. கனத்த டொக் டொக் என்றால் சாவியைத் திருப்பி நிறுத்து

அடியிலிருந்து, மரக்கதவை முஷ்டியால் தட்டுவதுபோல் வரும். சூடானதும் கூடும். மேட்டில் இழுத்தால் கூடும். ஸ்க்ரூடிரைவரை கிராங்க் கேஸில் வைத்தால் காதெலும்பில் இடிக்கும். அது கான்ராடின் பெரிய தலைப் பேரிங். மேலே, பிஸ்டன் பின் பக்கம் தளர்ந்திருந்தால் சத்தம் மெல்லியதாக, இரட்டைத் தட்டாக, ஐட்லிங்கில் தெளிவாகக் கேட்கும்.

இப்படி ஒரு வண்டியை வாளையாறு பக்கத்திலிருந்து ஒரு பையன் போனில் காட்டினான். "நிறுத்து, டெம்போ பிடித்து ஏற்று" என்றேன். "இன்னும் கொஞ்ச தூரம்தான் அண்ணா, மெதுவா வந்துடறேன்" என்றான். டெம்போவில்தான் வந்தான், கிராங்க் கேஸில் உள்ளங்கை அளவு ஓட்டையோடு. கான்ராட் உடைந்தால் வெளியே வர வழி தேடும். வழி இல்லை என்றால் போட்டுக்கொள்ளும்.

சந்தேகத்தைத் தீர்க்க சிலிண்டரைக் கழற்றி கான்ராடை மேலும் கீழும் அசைத்துப் பார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், அதற்கு அளவு உண்டு. மேலும் கீழும் கையில் தெரிகிற ஆட்டம் இருக்கவே கூடாது.

13. டூ ஸ்ட்ரோக்குக்கு வேறு காது

ஆர்எக்ஸ் 100ஐ மண்ணுக்கு மாற்றி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வண்டி வாங்கப் போகுமிடத்தில் "அது வெறும் டேப்பட் சத்தம் தம்பி" என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பு. அந்த இன்ஜினில் டேப்பட்டே கிடையாது.

டூ ஸ்ட்ரோக்கில் உர்ர் என்று வேகத்தோடு ஏறுகிற முனகல் கிராங்க் பேரிங். லோடு இல்லாதபோது மேலே கிலுகிலுப்பது பிஸ்டன் பின் பேரிங். இவற்றைவிட ஆபத்து, முறுக்கி விட்டபின் இன்ஜின் உடனே இறங்காமல் தானே உறுமிக்கொண்டிருப்பது. எங்கோ, பல நேரம் மேக்னெட் பக்க ஆயில் சீலில், காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடேறி, பிஸ்டன் சிக்கிவிடும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வண்டியில் பெட்ரோல்தான் ஆயிலைச் சுமந்து போகிறது என்பதையும் மறக்காதே.

14. மேட்டில் கிணிகிணித்தால் இன்ஜினைப் பிரிக்காதே

பெரிய கியரில் மேடு இழுக்கும்போது மட்டும் கண்ணாடிக் குண்டுகளை டப்பாவில் உருட்டுவதுபோல் கிணிகிணி என்று வந்தால் உறுப்பு எதுவும் தளரவில்லை. பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கிறது. ஹெட்டில் கரி, கலவையில் பெட்ரோல் குறைவு, முந்திப்போன இக்னிஷன் டைமிங், அளவு மீறிய சூடு, இவற்றில் ஒன்று. முதலில் கியரைக் குறைத்து ஓட்டிப் பார். நின்றால் பாதிக் குற்றம் உன் இடது காலில்.

15. ஆயிலை வடித்துச் சாட்சி கேள்

காது சொன்னதை ஆயில் உறுதிப்படுத்த வேண்டும். வெள்ளைத் துணியில் வடிகட்டு, காந்தத்தை அருகில் கொண்டுபோ. ஆயில் வடிக்கும் நட்டில் படிந்த சாம்பல் நிற மாவு போன்ற தூள் சாதாரணம். காந்தத்தில் ஒட்டுகிற சில்லு கியரோ பேரிங்கோ. மினுங்கியும் ஒட்டாதது அலுமினியம், பிஸ்டனாகவோ கேஸாகவோ இருக்கலாம். மஞ்சள் மினுக்கு புஷ். கறுப்பு நார் கிளட்ச் பிளேட். ரப்பர் துணுக்கு டைமிங் செயின் ஓடுகிற கைடு. சத்தமும் சில்லும் ஒரே உறுப்பைக் காட்டினால் திற. இல்லை என்றால் நான்காம் அறிவுரைக்குத் திரும்பிப் போய் மறுபடி எழுது.

16. நல்ல வண்டியையும் கேட்டு வை

காற்றில் ஆறுகிற இன்ஜின் கொஞ்சம் பேசும். தண்ணீர் உறை இல்லாததால் உள்சத்தம் அப்படியே வெளியே வரும், ஃபின்கள் அதை அதிர்ந்து பரப்பும். எது பேச்சு, எது முறையீடு என்று தெரிய, அதே மாடலில் நன்றாக ஓடுகிற வண்டியை நாலு முறை கேட்டிருக்க வேண்டும். நீயும் பட்டறைக்காரன் என்றால், வரும் ஒவ்வொரு வண்டியையும், ஆயில் மாற்ற வந்ததையும்கூட, கேட்டுவிட்டு அனுப்பு. விலை பேசும்போதும் இது உதவும். டேப்பட் என்றால் பேரம் வேண்டாம். டைமிங் செயின் என்றால் குறைத்துக் கேள். பாட்டம் என்றால், உதிரிபாகம் தேடிச் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைய உனக்குத் தெம்பிருந்தால் மட்டும் வாங்கு.

17. வாயால் போட்டுப் பழகு

நம் பாஷையில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. டிக் டிக், டொக் டொக், லொட லொட, சலசல, கரகர, கிணிகிணி. ஒவ்வொன்றும் ஓர் உறுப்பின் விலாசம். கேட்டதை வாயால் போடும்போது அதன் கனமும் வேகமும் உனக்கே பிடிபடும். பையன்களை நான் அப்படிச் செய்யச் சொல்வதற்கு எல்லோரிடமும் இந்தக் காரணத்தைத்தான் சொல்வேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நாற்பது வருஷம் சைலன்சர் கழற்றிய வண்டிகளுக்கு நடுவே நின்றதில் என் காதில் மேல்சுரம் போய்விட்டது. டொக் டொக் இன்னும் கேட்கிறது. டிக் டிக் கேட்பதில்லை. ஸ்க்ரூடிரைவரை எலும்பில் வைத்தாலும் மங்கலாகத்தான் வரும். நீ வாயால் போட்டுக் காட்டினால்தான் உன் வண்டியின் டேப்பட் எனக்குத் தெரியும். அதனால் வெட்கப்படாமல் சரியாகப் போட்டுக் காட்டு. சைலன்சரைக் கழற்றி ஓட்டாதே. ஓட்டினால் காதில் பஞ்சாவது வைத்துக்கொள்.